செத்தல் மிளகாயும் ‘வெல்த்’ என்ற சொல்லும்

செத்தல் மிளகாய் வறுக்கிற மணம் வந்தால் நான் கதிரையை விட்டு எழும்பி வாசலுக்குப் போய்விடுகிறேன் என்று என் மருமகளுக்குப் பெரிய குறை. தன்னுடைய சமையல் எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறாள். காரணத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு அறுபது வருடத்துக்கு முந்திய ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவு பொறுமை அவளுக்கு இல்லை. உங்களுக்கும் இராது. ஆனாலும் நீங்கள் வாசித்துத்தான் ஆகவேண்டும். அன்றைக்கு நம் பள்ளிக்கூட மண்டபத்தில் எண்ணெய் வைத்த தலையோடு வாங்குகளில் வரிசையாக இருந்தவர்கள் நீங்கள்தானே. அதற்குப் பிறகு இத்தனை வருடமாக அந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களும் நீங்கள்தான். நான் மேடையில் அழுதேனாம். அழவில்லை. ஐயா, என் தகப்பன், என்னை எல்லாருக்கும் முன்னால் அறைந்தாராம். அதுவும் பொய். அறை விழுந்தது பிறகு, எங்கள் வீட்டு வேலிப் படலையடியில், வண்டில் மாட்டுக்கு முன்னால்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். உடுப்பிட்டிக்குக் கிட்ட எங்கள் வீடு. நாங்கள் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் அந்த வருடப் பரிசளிப்புக்கு, பள்ளிக்கூடத்தை நடத்திய பெரிய மிஸ் ஒரு புதுப் போட்டி வைத்தார். பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் ஆங்கிலச் சொல். அந்தச் சொல்லின் பொருள் என்ன, அது எங்கே பிறந்தது, அதற்கு உன் வீட்டிலிருந்து ஓர் உதாரணம் என்ன என்று மேடையில் ஏறி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வெல்கிறவளுக்கு மூன்று வருடம் விடுதியில் தங்கிப் படிக்க ஒரு செலவும் இல்லை.

அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லி முடியாது. எங்கள் வீட்டில் பெண் பிள்ளை பெரியவளானால் படிப்பு முடிந்தது. அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, கோழிக்கூட்டுக்கும் குசினிக்கும் நடுவில் ஒன்பது வருடம் வைத்திருந்தார்கள். எனக்கும் அதுதான் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். விடுதிக்குள் போய்விட்டால் தப்பலாம்.

சொற்களைத் துண்டுக் கடதாசியில் எழுதி ஒரு தொப்பிக்குள் போட்டு எடுக்கச் சொன்னார்கள். உங்களில் ஒருத்திக்கு ‘பிரெட்’ வந்தது. பாணைப் பற்றி மூன்று நிமிடம் பேச என்ன கஷ்டம்? எனக்கு வந்தது ‘வெல்த்’. செல்வம்.

ஐயா மலாயா றெயில்வேயில் இருபத்தாறு வருடம் கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்தவர். வரும்போது கொண்டுவந்த சாமான்களில் அவர் தானே தூசு தட்டுவது ஒன்றைத்தான். ஒரு பெரிய ஆங்கில அகராதி. அது பிஸ்கற் தகரத்துக்குள், பூச்சி உருண்டைகளுக்கு நடுவில் இருக்கும். கை கழுவாமல் யாரும் தொடக்கூடாது. திறந்தால் அரை மணி நேரத்துக்கு வீடெல்லாம் பூச்சி உருண்டை மணக்கும். அன்றைக்கு அவர் சால்வையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஏதோ வழக்குத் தீர்ப்பு வாசிப்பவரைப்போல அதைத் திறந்தார்.

அந்தச் சொல்லுக்கு அகராதியில் இரண்டு பொருள் இருந்தது. முதலாவது, நலமாக இருத்தல். பழைய ஆங்கிலத்தில் நலத்துக்கு ‘வீல்’ என்று ஒரு சொல் இருந்ததாம். தேக சுகத்தைக் குறிக்கிற ‘ஹெல்த்’ என்ற சொல்லைப் பார்த்து அதன் வாலை இதற்கும் ஒட்டி, ‘வெல்த்’ ஆக்கினார்களாம். அந்தக் காலத்தில் ஒருவனுக்கு வெல்த் இருக்கிறது என்றால் அவன் சுகமாக இருக்கிறான் என்றுதான் கருத்து. காசும் காணியும் பிறகு வந்து ஏறிக்கொண்ட பொருள். அதுதான் இரண்டாவது. முதலாவதற்குப் பக்கத்தில் வழக்கொழிந்தது என்று ஒரு சின்னக் குறி போட்டிருந்தது.

ஐயா என் கொப்பியை வாங்கி, நான் எழுதி வைத்த முதலாவது பொருளைப் பென்சிலால் வெட்டினார்.

“செத்த பொருளை ஏன் காவிக்கொண்டு திரிவான்? பிறப்பு எண்டு ஒரு வரி சொல்லிப்போட்டு ரண்டாவதுக்கு வா. ரண்டாவதிலைதான் சொல்லுறதுக்கு விசயம் இருக்கு.”

இதற்குள் அம்மான் வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். உலகத்தில் எந்தப் பாசையில் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதற்குள்ளிருந்து ஒரு தமிழ்ச் சொல்லை இழுத்து எடுக்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

“அத்தான், உது எங்கடை ‘விளைவு’. தோட்டத்து விளைவைத்தான் நாங்கள் செல்வம் எண்டுறம். வெள்ளைக்காரன் களவெடுத்துக்கொண்டு போய் ஒரு வாலைக் கட்டி எங்களுக்கே திருப்பி விக்கிறான். பிள்ளை, நீ மேடையிலை அதைச் சொல்லு!”

“அகராதியிலை அப்பிடி இல்லை.”

“அகராதியை எழுதினது ஆர்? களவெடுத்தவன்தானே!”

இரண்டு பின்னேரம் முற்றத்தில் நின்று சண்டை பிடித்தார்கள். ஒருவர் பிஸ்கற் தகரத்தை அணைத்துக்கொண்டு, மற்றவர் குடையை நிலத்தில் குத்திக் குத்தி. நலம் என்றும் செல்வம் என்றும் தொண்டை கிழியக் கத்தினார்கள். உள்ளே குசினியில் அம்மா இருமிக்கொண்டிருந்தா. இரண்டு பேரும் தலையைத் திருப்பவில்லை. கேட்காமல் இல்லை. நன்றாகக் கேட்டது. கேட்காதமாதிரி இருக்க அந்த வீடு ஏற்கெனவே பழகிவிட்டிருந்தது.

அம்மாவின் வருத்தம் பங்குனியில் ஒரு சளித் தடிமனாகத் தொடங்கியது. பிறகு நெஞ்சுக்குள் இறங்கியது. பின்னேரம் நாலு மணியானால் காய்ச்சல். வலது விலாவில் குத்து. சேலையை இரண்டு சுற்றுக் கூடச் சுற்ற வேண்டியிருந்தது. குசினிச் சுவரில் அம்மா தண்ணீர் குடிக்கிற மூக்குப்பேணி மட்டும் தனி ஆணியில் தொங்கத் தொடங்கியது. யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எல்லாருடைய மனத்திலும் ஒரே சொல்தான் இருந்தது. கசம். காசநோய்க்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம்.

அந்த வருடம் பார்த்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பேச்சுக் கால் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை மலாயாவில் உத்தியோகம். ஆவணியில் லீவில் வந்து தாலி கட்டிக்கொண்டு போவார் என்று கதை. கசம் உள்ள வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். அந்தப் பெயர் அக்காவோடு நில்லாது, எனக்கும் வரும், எனக்குப் பிறகு வருகிற பிள்ளைகளுக்கும் வரும். ஆகவே ஐயா ஒரு முடிவெடுத்தார். ஆவணி வரைக்கும் அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவ்வளவுதான். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனால் ஆள் காணும், வைத்தியரை வீட்டுக்குக் கூப்பிட்டாலும் ஆள் காணும். அம்மான் கொண்டுவந்து தருகிற ஆடாதோடைக் கசாயத்தைக் குடித்துக்கொண்டு ஆவணி வரைக்கும் சுகமாக இருக்க வேண்டியது.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் எதில் என்றால், அம்மாவும் அதற்குச் சம்மதித்ததில்தான். “நாலு மாசம்தானே, சமாளிப்பன்” என்று தானே சொன்னா.

ஐயாவின் தமிழ்க் கடிதங்களை எழுதுகிற வேலை என்னுடையது. என் கையெழுத்து வடிவென்று எனக்குக் கிடைத்த தண்டனை அது. மாப்பிள்ளையின் தகப்பனுக்குக் கிழமைக்கு ஒரு கடிதம் போகும். தொடக்கம் மாறாது. ‘இங்கு யாவரும் சுகம். தங்கள் யாவரது சுகத்தையும் அறிய ஆவல்.’ ஒரு நாள் பேனையை மையில் தோய்த்துவிட்டு நிறுத்தினேன்.

“ஐயா, யாவரும் எண்டால் அம்மாவுமோ?”

“எழுதடி.”

எழுதினேன். அங்கிருந்தும் கிழமைக்கொரு கடிதம் வரும். அவர்களும் யாவரும் சுகமாகத்தான் இருந்தார்கள்.

வைகாசியில் மாப்பிள்ளையின் தகப்பன் பெண்ணைப் பார்க்க நேரில் வந்தார். அவர் வருகிறார் என்றதும் வீட்டில் நடந்த கூத்தை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இருமல் வரக்கூடாது என்று அம்மாவின் நாக்கின் கீழ் இரண்டு கராம்பு. சொண்டு வெளிறித் தெரியக்கூடாது என்று வெற்றிலை. அதற்கும் மிஞ்சி இருமல் வந்தால்? அதற்குத்தான் மிளகாய். யாராவது படலையைத் திறக்கிற சத்தம் கேட்டால் அக்கா ஓடிப்போய்த் தாச்சியை அடுப்பில் வைத்து இரண்டு கை செத்தல் மிளகாயைப் போட வேண்டும். புகை கிளம்பும். வந்தவர் இருமுவார், ஐயா இருமுவார், நான் இருமுவேன், நாய் தும்மும். அதற்குள் அம்மாவின் இருமல் யாருக்குத் தெரியும்? இந்த யோசனையைக் கண்டுபிடித்தது அம்மான். தன் மூளையை நினைத்து அவர் பரிசளிப்பு நாள் வரைக்கும் பூரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சு வருத்தக்காரிக்கு மிளகாய்ப் புகை! மூன்று பெரிய மனிதர்கள் இருந்த வீட்டில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் கண்ணில் நீர் வழியக் கதிரையில் இருந்து லேஞ்சியால் மூக்கைத் துடைத்தார்.

“தூளுக்கு வறுக்கிறியள் போலை. நல்ல காரமான மிளகாய்.”

“சுன்னாகத்துச் சந்தையிலை வாங்கினது,” என்றார் ஐயா பெருமையோடு, இருமிக்கொண்டு. “வீட்டுக்கார அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?”

“அவ கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போயிட்டா. நடையாய்ப் போறது. வரக் கனநாள் செல்லும்.”

அவர் போன பிறகு ஐயா இரண்டு நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வயதில் ஒரு பெண் தெற்கே கதிர்காமத்து முருகன் கோயில் வரை நடக்கிறாளாமே! என்ன தேகம்! என்ன குடும்பம்! சொல்லும்போது குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு பேணியை விளக்குவா.

பரிசளிப்புக்கு மாப்பிள்ளையின் தகப்பனையும் ஐயா அழைத்தார். சம்மதம் என்று பதில் வந்ததும் என் பேச்சு தலைகீழாக மாறியது. வீட்டிலிருந்து உதாரணம் சொல்ல வேண்டும் அல்லவா? ஐயா தானே எழுதினார். எங்கள் வீட்டில் செல்வம் என்பது என்னவென்றால், கல்வீடு ஒன்று, நல்ல தண்ணீர்க் கிணறு இரண்டு, புகையிலைத் தோட்டம் இத்தனை பரப்பு, பனங்காணி இத்தனை பரப்பு, கறவைப் பசு மூன்று, மலாயாப் பென்சன். எது எது அக்காவின் சீதனத்தில் சேரும் என்பதைக்கூட நாசூக்காக ஒரு வசனத்தில் செருகியிருந்தார். மிஷன் மண்டபத்தில், வெள்ளைக்காரருக்கு முன்னால், ஆங்கிலத்தில், ஒரு சதம் செலவில்லாமல் சீதன ஓலை வாசிப்பதற்கு அவருக்கு ஒரு பிள்ளை கிடைத்திருந்தாள். கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்து அதை நான் பாடமாக்கினேன். எனக்கு விடுதிதான் வேண்டும். எதைச் சொன்னால் கிடைக்குமோ அதைச் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். என்னை நல்ல பிள்ளையாக்கிக் காட்ட நான் இதை எழுதவில்லை.

பரிசளிப்பன்று காலையில் அம்மா எனக்குத் தலை பின்னி றிபன் கட்டினா. ஒரு பின்னலை முடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து கொஞ்சம் இருந்துவிட்டு, மற்றதைத் தொடங்கினா. கழுத்தில் பட்ட விரல்கள் சுட்டன. காலையில் காய்ச்சல் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“அம்மா, நான் போகேல்லை.”

“விசர்க் கதை கதையாதை. போய் வடிவாய்ச் சொல்லிப்போட்டு வா. ஆவணிக்கு இன்னும் எத்தினை நாள் கிடக்கு?”

“நாப்பத்தைஞ்சு.”

“உது ஓடீடும்.”

மண்டபம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓலை விசிறிகளின் சத்தம், புதுச் சுண்ணாம்பு மணம், மேடைக்கு முன்னால் தொட்டிகளில் குரோட்டன். முன்வரிசையில் ஐயா கறுப்புக் கோட்டோடு. பக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பன். அவர்களுக்கு அங்கால் வெள்ளைத் தொப்பியோடு டொக்டர் மிசி. வலிகாமம் பக்கத்து மிஷன் ஆசுபத்திரியில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கிற வெள்ளைக்கார அம்மா அவர். பரிசு கொடுப்பதற்காக வந்திருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனைக் கண்டதும் டொக்டர் மிசி தலையசைத்துச் சிரித்ததையும், அவர் பதிலுக்குச் சிரிக்காமல் கூரையை அண்ணாந்து பார்த்ததையும் நான் மேடைக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். அப்போது அது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என் முறை வந்தது. ‘வெல்த்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் என்று தொடங்கினேன். முதலாவது, நலமாயிருத்தல். சொல் பிறந்த கதையைச் சொன்னேன். அந்தப் பொருள் இப்போது செத்துவிட்டது என்றேன். இரண்டாவது, பொருளும் பணமும் என்றேன். இனி வீட்டு உதாரணம். எங்கள் வீட்டில் செல்வம் என்பது என்னவென்றால், கல்வீடு ஒன்று என்று வாயைத் திறக்கும்போது பெரிய மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். நல்ல மனுசி. எங்களைப் பேச வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர். சிரித்துக்கொண்டு கேட்டார்.

“முதலாவது பொருள் உன் வீட்டிலும் செத்துவிட்டதா?”

பகிடிக்குத்தான் கேட்டார். மண்டபம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தது ஐயா. கதிரையில் குலுங்கிக் குலுங்கி, பக்கத்திலிருந்த சம்பந்தியின் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. துணிச்சல் என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். துணிச்சலும் இல்லை, நேர்மையும் இல்லை. கோபம். மூன்று மாதக் கோபம். கராம்பில் கோபம், மிளகாயில் கோபம், ‘யாவரும் சுகம்’ என்று நான் வடிவாக எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் கோபம்.

“ஓம் மிஸ், செத்துவிட்டது,” என்றேன் ஆங்கிலத்தில். “எங்கள் வீட்டில் இரண்டாவது பொருள் நிறைய இருக்கிறது. முதலாவது இல்லை. என் அம்மாவுக்கு மூன்று மாதமாகக் காய்ச்சல். யாருக்கும் அவவின் இருமல் கேட்கக்கூடாது என்று நாங்கள் மிளகாய் வறுக்கிறோம்.”

விசிறிகள் நின்றன. ஐயாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அது பேச்சின் ஒரு பகுதி என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்றோ என்னவோ, அவர் மெதுவாகக் கைதட்டத் தொடங்கினார். ஒருவரும் கூடத் தட்டவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பினார். சோடாவைக் குடிக்காமல் வைத்துவிட்டு, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கதவால் வெளியே போனார். டொக்டர் மிசி நேரே மேடையடிக்கு வந்தார்.

“வீடு எங்கே? வா, காட்டு,” என்றார் தன்னுடைய உடைந்த தமிழில்.

என் வாழ்க்கையில் முதல் முதலாக மோட்டார்க் காரில் ஏறியது அன்றைக்குத்தான். அதைக்கூட அனுபவிக்க விடவில்லை பாருங்கள். வழி முழுக்க எந்த ஒழுங்கையால் திரும்புவது என்று கை காட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. கார் படலையில் நின்ற சத்தம் கேட்டதும் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? பழக்கப்படுத்தி வைத்தபடி ஓடிப்போய்த் தாச்சியை அடுப்பில் வைத்து மிளகாயைப் போட்டாள். டொக்டர் மிசி இருமிக்கொண்டே குசினிக்குள் நுழைந்தார். தாச்சியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் கவிழ்த்தார். அம்மாவைத் திருப்பி இருத்தி, முதுகில் பலாப்பழம் தட்டிப் பார்ப்பதைப்போல இரண்டு விரலால் தட்டினார். இடது பக்கம் ஒரு சத்தம். வலது பக்கம் வேறொரு சத்தம்.

ஐயாவின் வண்டில் வந்து சேரும்போது அம்மாவைக் காரின் பின் ஆசனத்தில் படுத்தியாயிற்று. ஐயா இறங்கி ஓடிவந்து, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, தன் மலாயா ஆங்கிலத்தில் மிக மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். டொக்டர் அவர்கள் தயவுசெய்து ஆவணி வரை பொறுக்க முடியாதா என்று.

டொக்டர் மிசி அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. “பத்து நாள் பொறுத்தால் ஆள் இல்லை,” என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினார். கார் வல்லைவெளிப் பக்கம் போனது. அப்போதுதான் நீங்கள் சொல்லித் திரிகிற அந்த அறை விழுந்தது. ஒன்றுதான். ஆனால் நல்ல அறை.

அடுத்த நாளே தெரிந்துவிட்டது. கசம் இல்லை. தடிமன் இறங்கி நெஞ்சின் வலது பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. ஊசி போட்டு இழுத்து, விலாவுக்குள் ஒரு குழாய் வைத்துவிட்டார்கள். மூன்று மாதமாக நாங்கள் மிளகாய் வறுத்து மறைத்தது, ஆரம்பத்திலேயே காட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திராத ஒரு வருத்தத்தை. பெயரைக் கேட்கப் பயந்து, இல்லாத ஒன்றுக்காக அம்மாவைச் சாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறோம்.

இதைக் கேட்டு வீட்டில் யாராவது என்னைப் பார்த்து ஒரு நல்ல சொல் சொன்னார்களா? அக்கா எட்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. தலை இழுக்கும்போது மட்டும் சீப்பால் தன் கோபத்தைச் சொன்னாள். அவளையும் குறை சொல்ல முடியாது. ஒன்பது வருடம் காத்திருந்தவள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கடிதமும் இல்லை. “சம்பந்தம் முறிஞ்சுது,” என்றார் அம்மான், குடையைக் குத்தி. “நாக்கு நீண்ட பிள்ளையாலை முறிஞ்சுது.” மிளகாய் யோசனையைப் பற்றி அவர் பிறகு பேச்செடுக்கவே இல்லை.

இன்னும் கேளுங்கள். பரிசு எனக்குத்தான் கிடைத்தது. உங்களில் பலருக்கு இது தெரியாது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துப் பியோன் பெரிய மிஸ்சின் கடிதத்தைக் கொண்டுவந்தான். சொல்லின் பொருளை இவ்வளவு சரியாக விளங்கிக்கொண்டவள் வேறு யாரும் இல்லை, விடுதி இடம் என்னுடையது என்று எழுதியிருந்தார். ஐயா அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தானே உட்கார்ந்து பதில் எழுதினார். குடும்பக் காரணங்களால் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிறாராம். கடைசி வரி, வீட்டில் யாவரும் சுகம்.

அந்த இடம் ‘பிரெட்’ எடுத்தவளுக்குப் போனது. வாசித்துவிட்டு முறைக்காதே. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினா. அதுவரை அந்தப் பக்கம் போகாத ஐயா, செவ்விளநீர் நாலை எடுத்துக்கொண்டு என்னை வண்டிலில் ஏற்றினார். ஆசுபத்திரியில் பெண்கள் படுக்கிற பெரிய அறை. மருந்துத் தண்ணீர் போட்டுக் கழுவிய நிலம். ஆண்கள் வரலாம் என்ற நேரம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அம்மா கட்டிலில் நிமிர்ந்து இருந்தா. முகத்தில் இரத்தம் ஊறியிருந்தது. பாண் துண்டைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டு, பக்கத்துக் கட்டில் மனுசியோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தா. அந்த மனுசியின் வலது கால் தலையணை மேல், பெரிய கட்டோடு இருந்தது. அம்மா சிரித்து எவ்வளவு காலம் என்று நான் மனத்துக்குள் கணக்குப் பார்த்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக் கட்டிலோரத்தில் இருத்தி, காதுக்குள் சொன்னா.

“பேசாமல் இரு. இப்ப ஒராள் வருவார். பார்.”

மாப்பிள்ளையின் தகப்பன் வந்தார். கையில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல், தோளில் அதே சால்வை. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஐயாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். ஐயாவும் இளநீரோடு நின்றுவிட்டார். பிறகு, பழக்கம் என்பது எவ்வளவு பொல்லாதது என்று பாருங்கள், ஐயாவின் வாய் தானாகத் திறந்தது.

“வாங்கோ, வாங்கோ. வீட்டிலை எல்லாரும் சுகமோ?”

“ஓமோம், யாவரும் சுகம். வீட்டுக்காரி கதிர்காமத்தாலை இன்னும் வந்து சேரேல்லை. உங்கடை பக்கம்?”

“எங்களுக்கென்ன, யாவரும் சுகம்.”

பக்கத்துக் கட்டில் மனுசி கட்டுப்போட்ட காலைத் தலையணையிலிருந்து கொஞ்சம் தூக்கினா.

“நான் கதிர்காமத்தாலை வந்திட்டன், இஞ்சாருங்கோ. கால் விரல் ஒண்டை முருகனுக்குக் குடுத்திட்டு வந்திருக்கிறன்.”

சலரோகப் புண், சர்க்கரை வியாதியால் வந்தது. ஆறாமல் அழுகி, ஒரு விரலை எடுத்திருந்தார்கள். சலரோகக் குடும்பம் என்று தெரிந்தால் நாங்கள் பெண் கொடுக்க மாட்டோம் என்று பயந்து, அந்த மனுசனும் தன் மனுசியை வைகாசியிலிருந்து அந்தக் கட்டிலில் ஒளித்து வைத்திருந்தார். மேடையில் நான் சொன்னதைக் கேட்டு அவர் எழும்பிப் போனது எங்கள்மேல் கோபத்தில் இல்லை. டொக்டர் மிசி தன்னைப் பார்த்து நலம் விசாரித்துவிடுவாரோ என்ற பயத்தில்.

“மச்சாளும் நானும் ஆறு நாளாய்க் கதைக்கிறம்,” என்றா அம்மா. “ஊரைக் கேட்டம், பேரைக் கேட்டம், பிள்ளையளைக் கேட்டம். எல்லாம் தெரிஞ்சுபோச்சு. ஆவணியிலை கலியாணம். நாங்கள் பேசி முடிச்சிட்டம். உங்களைக் கேக்கேல்லை.”

“என்னாலை மணவறையிலை நிக்கேலாது,” என்றா மற்றவ. “கதிரை போடுங்கோ.”

“எனக்கும் ஒரு கதிரை,” என்றா அம்மா.

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்க்கவும் முடியாமல், கட்டில்களைப் பார்க்கவும் முடியாமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐயாவின் கையிலிருந்த இளநீர் ஒன்று நழுவிக் கட்டிலின் கீழே உருண்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

அம்மா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்தா. பிறகு என் முதுகில் கையை வைத்தா. அந்தக் கை சுடவில்லை.

“சின்னவள், அண்டைக்கு மேடையிலை சொன்ன சொல்லை இவை ரண்டு பேருக்கும் இன்னொருக்கால் சொல்லிக் காட்டு பாப்பம்.”

எழும்பி நின்று சொன்னேன். முதலாவது பொருளை மட்டும்தான் சொன்னேன். இரண்டாவது அவர்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.